ஈறு நோய்: அறிதலும் தடுத்தலும் தீர்த்தலும்
தோல் தொழில் வட்டாரக் கிராமங்களுக்கு ஒரு சுகாதாரப் பாடம்

பாலாற்றின் கரைகளை ஒட்டி அமைந்துள்ள இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலாலும் காலணித் தொழிலாலும் பெயர் பெற்றவை. 2019-ஆம் ஆண்டு வரை வேலூர் என்ற ஒரே மாவட்டமாக இருந்த இவ்வட்டாரம், இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாக விளங்குகிறது. இங்குள்ள கிராமங்களில் ஒரு வீட்டில் ஒருவர் கழனிக்குச் செல்கிறார். இன்னொருவர் தோல் ஷாப்புக்குச் செல்கிறார். வீட்டுப் பெண்டிர் காலணித் தொழிற்சாலைக்குச் செல்கின்றனர், அல்லது திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றுகின்றனர். இவ்வாறு உழைத்து வாழும் மக்களிடையே ஓசையின்றிப் பரவியிருக்கும் ஒரு வியாதியைப் பற்றியே இம்மாதப் பாடத்தில் ஆராய்கிறோம். அதுவே ஈறு நோய்.

நாற்பது வயதைக் கடந்த ஓர் உழைப்பாளியை எண்ணிப் பார்ப்போம். அவர் பற்களில் சொத்தை இல்லை. ஒரு நாளும் பல்வலி என்று படுத்தவரும் இல்லை. ஆயினும் முன்பல் இரண்டு ஆடத் தொடங்குகின்றன. ஒரு நாள் கரும்பைக் கடிக்கையில் ஒரு பல் கையோடு வந்துவிடுகிறது. "வலிக்கவே இல்லையே, எப்படி விழுந்தது?" என்று அவர் வியக்கிறார். வயதானால் பல் விழுவது இயல்புதான் என்று அண்டை அயலார் ஆறுதல் கூறுகின்றனர். இத்தகையவரைக் காணாத கிராமம் இல்லை. ஆனால் அந்த ஆறுதல் மொழி பிழையானது. பல் விழுந்தது வயதினால் அன்று. பல ஆண்டுகளாக ஈறில் இருந்துவந்த நோயினால். அந்நோய் தடுக்கத்தக்கது என்பதை அறிந்தால், இழப்பின் அளவு நமக்கு விளங்கும்.

ஈறு என்பது யாது?

பல் தாடை எலும்பில் நேராகப் பதிக்கப்பட்ட ஆணி அன்று. வேருக்கும் எலும்புக்கும் இடையே நுண்ணிய நார்கள் பல்லாயிரம் குறுக்கும் நெடுக்குமாக நின்று பல்லைத் தாங்குகின்றன. எலும்பின் மேல் ஈறு போர்வைபோல் படர்ந்து, பல்லின் கழுத்தை இறுகப் பற்றியிருக்கிறது. இந்த நார்களும் ஈறின் உட்பகுதியும் பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதப் பொருளால் ஆனவை.

கொலாஜன் நம் வட்டாரத்தாருக்குப் புதிய பொருள் அன்று. ஆட்டுத்தோலிலும் மாட்டுத்தோலிலும் உள்ள நார்ப்பொருளும் அதுவே. உரித்த பச்சைத் தோலை உப்பிடாமல் ஓரிரு நாள் போட்டுவைத்தால் என்ன ஆகும் என்று தோல் தொழிலாளியைக் கேட்க வேண்டியதில்லை. கிருமிகள் பெருகி, சவ்வுப் பக்கத்தில் அழுகல் தொடங்கும். மேற்பக்கம் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுக்கும்பொழுதுதான் கேடு வெளிப்படும். ஈறு நோயும் ஏறக்குறைய இத்தகையதே. உள்ளே கேடு நடக்கிறது. வெளியே பல் வெண்மையாகவே காட்சியளிக்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பச்சைத் தோல் உயிரற்றது, ஈறு உயிருள்ளது. ஆதலின் காலத்தில் கவனித்தால் ஈறு தன்னைத் தானே சீர்ப்படுத்திக் கொள்ளும்.

நோய் தோன்றும் முறை

நம் வாயில் எப்பொழுதும் கிருமிகள் உள்ளன. பல்லைத் துலக்கிய சில மணி நேரத்திற்குள் அவை பல்லின்மேல் மெல்லிய, வழுவழுப்பான படலமாகப் படியத் தொடங்குகின்றன. இதனைப் பற்படலம் என்போம். வாய் கொப்பளிப்பதால் மட்டும் இது போகாது. தேய்த்தே அகற்ற வேண்டும். அகற்றாவிடில், உமிழ்நீரில் உள்ள சுண்ணச் சத்து அதில் சேர்ந்து, கல்போல் இறுகிவிடும். இதுவே பற்காரை. நீர்க்குடத்தின் உட்புறத்தில் உப்பு படிவதைப் போன்றது இது. படலத்தைப் பிரஷினால் அகற்றலாம். காரையை அகற்ற மருத்துவரின் கருவி வேண்டும்.

படலம் ஈறின் ஓரத்தில் நிலைத்திருந்தால் ஈறு சிவந்து வீங்கும். பல் துலக்கும்பொழுது இரத்தம் கசியும். இது முதல் நிலை, அதாவது ஈறு அழற்சி. இந்நிலையில் எலும்பு கெடவில்லை. நன்கு துலக்கத் தொடங்கினால் ஈறு முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பும்.

இரண்டாம் நிலை அவ்வாறன்று. ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து, இடையில் ஒரு பை உண்டாகிறது. நல்ல ஈறில் இந்த இடைவெளியின் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். கிருமிகளை எதிர்க்க உடல் நடத்தும் போரில், நார்களும் எலும்பும் சேர்ந்தே கரைகின்றன. பை 4, 5, 6 மில்லிமீட்டர் என ஆழமாகிறது. தென்னையின் வேரைச் சுற்றிய மண்ணை வெள்ளம் அரித்துச் செல்வது போன்றதே இது. மரம் பசுமையாகத்தான் நிற்கும், ஆனால் ஒரு காற்றுக்குச் சாயும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளர்வதில்லை. எனவே முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் இடையிலுள்ள எல்லைதான் நாம் காவல் காக்க வேண்டிய எல்லையாகும்.

இரு ஆராய்ச்சிகள் தரும் பாடம்

1965-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற அறிஞரும் அவருடைய துணைவர்களும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். நலமான ஈறுடைய 12 பேர் பல் துலக்குவதை அறவே நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் அது மறைந்தது. படலமே காரணம், துலக்குதலே மருந்து என்பது இதனால் ஐயமற நிலைநாட்டப்பட்டது.

இரண்டாவது ஆராய்ச்சி நமக்கு இன்னும் நெருங்கியது. அதே அறிஞர் குழுவினர் 1970-ஆம் ஆண்டில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில், நம் தமிழ்த் தொழிலாளர் 480 ஆண்களின் வாயைச் சோதித்து, 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்தனர். அத்தொழிலாளர்களுக்குப் பல் துலக்கும் பழக்கமும் பல் மருத்துவ வசதியும் இல்லை. அனைவரின் பற்களிலும் படலமும் காரையும் மிகுந்திருந்தன, ஈறும் அழன்றிருந்தது. பற்சொத்தையோ ஏறக்குறைய இல்லை. ஆயினும் பற்கள் விழுந்தன. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்து முற்றியது. அவர்கள் 45 வயதில் எல்லாப் பற்களையும் இழந்தனர். 81 பேருக்கு அது மெல்ல வளர்ந்தது. 45 வயதில் சராசரியாக 7 பற்கள் போயின. மீதி 11 பேருக்கு மட்டும் அழற்சியோடு நின்றது.

இதிலிருந்து நாம் அறிவன இரண்டு. சொத்தை இல்லாததனால் வாய் நலமாக இருப்பதாகக் கொள்ளலாகாது. மேலும், "என் தாத்தா பல்லே துலக்கியதில்லை, எண்பது வயதிலும் முறுக்கைக் கடித்தார்" என்று கூறுவோர் பொய் கூறவில்லை. அவர் தாத்தா அந்தப் பதினொருவரில் ஒருவராக இருந்திருக்கலாம். ஆனால் தாம் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை இளமையில் எவரும் அறிந்துகொள்ள இயலாது. பெரும்பாலோர் சேரும் கூட்டம் எது என்பதே நமக்கு வழிகாட்ட வேண்டும். இன்று உலகில் ஏறத்தாழ 100 கோடி மக்கள் முற்றிய ஈறு நோயினால் அவதியுறுகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டில் கணக்கிட்டுள்ளது.

நோயை வளர்ப்பவை

புகையிலை இவற்றில் முதன்மையானது. பீடி, சிகரெட்டு புகைப்போருக்கு நோய் கடுமையாக வருகிறது. சிகிச்சையும் எளிதில் பலிப்பதில்லை. இதில் ஒரு வஞ்சகமும் உண்டு. புகை ஈறின் இரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடுவதால், நோய் முற்றியிருந்தும் இரத்தக் கசிவு வெளிப்படாது. "எனக்கு இரத்தம் வருவதில்லை" என்று புகைப்பவர் ஆறுதல் கொள்வது, அபாய மணியைக் கழற்றி வைத்துவிட்டு உறங்குவதற்கு ஒப்பாகும். பச்சைத் தோலின் நாற்றத்தைப் பொறுக்கவென்று புகையிலையை வாயில் அடக்கிக்கொள்வோரும் உண்டு. அடக்கிய இடத்தில் ஈறு தேய்ந்து கீழிறங்கும். வாய்ப் புற்றுநோய்க்கும் அதுவே வாயிலாகும். வாயில் வெள்ளைத் திட்டோ புண்ணோ இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாதிருந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நீரிழிவு இரண்டாவது. இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கடங்காதிருந்தால் ஈறு நோய் விரைந்து பெருகும். ஈறு நோயோ சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும். ஈறுக்குச் சிகிச்சை செய்தபின் சர்க்கரையின் அளவு ஓரளவு குறைவதையும் மருத்துவர்கள் கண்டுள்ளனர். ஆதலின் திடீரென்று பல பற்கள் ஆடத் தொடங்கியவர் இரத்தச் சர்க்கரையையும் சோதித்துக் கொள்வது நலம்.

கருவுற்ற தாய்மாருக்கு உடலில் ஏற்படும் மாறுதலால் ஈறு எளிதில் வீங்கி இரத்தம் கசியும். அஞ்சிப் பல் துலக்குவதை நிறுத்துதல் தவறு. மென்மையாகத் துலக்கி வர வேண்டும். வலிப்பு நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் தரப்படும் சில மருந்துகளால் ஈறு தடித்து வளர்வதுண்டு. அப்பொழுது மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கூற வேண்டும்.

கடுக்காயும் உப்பு நீரும்

நம் வட்டாரத்தில் நிலவும் இரு எண்ணங்களை இங்கே ஆராய்வது பொருத்தமாகும்.

முதலாவது, துவர்ப்புப் பொடிகள் பற்றியது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் தோல் பதனிடப் பயன்படுபவை என்பதை அனைவரும் அறிவர். அவற்றிலுள்ள துவர்ப்புச் சத்து தோலின் கொலாஜனோடு பிணைந்து அதனை இறுகச் செய்கிறது. கடுக்காய்ப் பொடியால் பல் துலக்கினால் ஈறு இறுகுவதும், கசிவு சற்று நிற்பதும் இத்தகைய காரணத்தினாலேயே. நம் முன்னோர் இதனைக் கண்டறிந்தது பாராட்டத்தக்கது. ஆனால் பொடி மேலே வேலை செய்கிறது. காரையோ ஈறின் கீழே இருக்கிறது. கசிவு நின்றதைக் கண்டு நோய் நீங்கிற்று என்று நம்பிவிடலாகாது. பொடியை உபயோகிப்பவரும் காரையை அகற்றிக்கொள்ளத்தான் வேண்டும். செங்கற்பொடி, கரித்தூள், சாம்பல், புகையிலை கலந்த பற்பொடி ஆகியவற்றையோ முற்றிலும் விலக்க வேண்டும். முதல் மூன்றும் பல்லைத் தேய்த்துவிடும், நான்காவது புகையிலைக்கு அடிமையாக்கும்.

இரண்டாவது, தண்ணீரைப் பற்றியது. தோல் கழிவினால் பாலாற்றுப் படுகையின் கிணறுகளும் கழனிகளும் கெட்ட வரலாறு நாடறிந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்து, கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும், கேடு வருமுன்னரே காக்க வேண்டும் என்னும் இரு கோட்பாடுகளை நாட்டின் சட்டமாக ஏற்றது. தண்ணீரின் கேடு உண்மையே. ஆயினும், "இந்த உப்புத் தண்ணீரால்தான் என் பல் ஆடுகிறது, நாம் என்ன செய்ய முடியும்?" என்று கூறுவது சரியன்று. பற்காரையின் சுண்ணம் கிணற்று நீரிலிருந்து வருவதன்று. நம் உமிழ்நீரிலிருந்தே வருவது. நல்ல நீருக்காகப் போராடுவது ஊரின் கடமை. படலத்தை அகற்றுவது அவரவர் கடமை. ஒன்றைக் காரணம் காட்டி மற்றொன்றைக் கைவிடலாகாது. வருமுன் காக்கும் கோட்பாடு ஆற்றுக்கு மட்டுமின்றி வாய்க்கும் பொருந்தும்.

துலக்கும் முறை

பலர் நாள்தோறும் துலக்கியும் நோய்க்கு ஆளாவது முறை தவறுவதால்தான். கீழ்வரும் முறையைப் பயிற்சியில் செய்து காட்ட வேண்டும்.

1. மென்மையான நார்களையுடைய பிரஷை, பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சாய்வாக, நார்நுனி ஈறை நோக்கி இருக்குமாறு வைக்க வேண்டும்.

2. அவ்விடத்திலேயே சிறு அசைவுகளாக அசைத்து, பின் பல்லின் நுனியை நோக்கித் தள்ள வேண்டும். இரம்பம்போல் குறுக்கே அழுத்தித் தேய்த்தல் கூடாது. பல்லின் கழுத்து தேய்ந்துவிடும்.

3. வெளிப்பக்கம், உட்பக்கம், மெல்லும் பக்கம் ஆகிய மூன்றையும் துலக்க வேண்டும். கீழ் முன்பற்களின் உட்பக்கத்தில் காரை மிகுதியாகப் படியும். அங்கே தனிக் கவனம் வேண்டும்.

4. காலையிலும் இரவு படுக்குமுன்னும் இரண்டு நிமிடம் துலக்க வேண்டும். இரண்டினுள் இரவுத் துலக்கலே நாம் பெரிதும் தவறவிடுவது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் கிருமிகளுக்கு அது நல்ல காலம்.

5. பல்லிடுக்குகளைப் பல்நூலாலோ இடுக்குப் பிரஷாலோ சுத்தம் செய்ய வேண்டும். ஆம்பூர் பிரியாணி உண்டபின் இறைச்சி நார் சிக்குவது அனைவரும் அறிந்ததே. அதனைக் குண்டூசியாலும் தீக்குச்சியாலும் குத்தி எடுத்தால் ஈறு புண்ணாகும்.

6. மூன்று மாதத்திற்கு ஒருமுறை, அல்லது நார் விரிந்தவுடன், பிரஷை மாற்ற வேண்டும். ஒருவர் பிரஷை மற்றொருவர் உபயோகிக்கலாகாது.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பது நம் முதுமொழி. வேப்பங்குச்சியும், வாணியம்பாடி, ஆம்பூர் பகுதி முஸ்லிம் அன்பர்கள் கைக்கொள்ளும் மிஸ்வாக் குச்சியும் நல்லனவே. நுனியை நன்கு மென்று தூரிகைபோல் ஆக்கி, ஈறோரத்தில் மென்மையாகத் தேய்த்தால் பயன் உண்டு. கடைவாய்ப் பற்களின் உட்பக்கத்தைக் குச்சி எட்டுவது அரிது. ஆதலின் காலையில் குச்சி கொள்பவர் இரவில் பிரஷும் புளூரைடு கலந்த பற்பசையும் கொள்வாராயின் மிக நன்று.

சிகிச்சை

முதற்படி, காரையை அகற்றுதல். மருத்துவர் கருவியினால் ஈறின் மேலும் கீழும் உள்ள காரையை நீக்குகிறார். இதனால் பல் ஆடிவிடும், பல்லிடையே சந்து உண்டாகும் என்று பலர் அஞ்சுகின்றனர். உண்மை வேறு. காரை இதுவரை சந்தை அடைத்துக் கொண்டிருந்தது. வீங்கிய ஈறு அதனை மறைத்திருந்தது. காரை நீங்கி வீக்கம் வடிந்ததும், நோய் முன்னமே உண்டாக்கிய சந்து கண்ணுக்குப் புலனாகிறது. சந்தை உண்டாக்கியது நோய்; காட்டிக் கொடுத்ததே சிகிச்சை.

பை ஆழமாக இருப்பின், மரத்துப்போகும் ஊசியிட்டு வேரின் மேற்பரப்பைச் சுத்தம் செய்வர். சில வாரங்கள் கழித்து மீண்டும் பையை அளந்து பார்ப்பர். அப்பொழுதும் குறையாத இடங்களில் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அதன் பின்னர் 3 முதல் 6 மாதத்திற்கு ஒருமுறை சோதனைக்கு வர வேண்டும். கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதால் மட்டும் இந்நோய் தீராது. காரை இருக்கும்வரை கிருமிகள் மீண்டும் குடியேறும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

1900-ஆம் ஆண்டில் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் மருந்தகம் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார், நோயாளிகள் தம்மை நாடி வரும்வரை காத்திருக்கவில்லை. சாலையோரங்களில் மரநிழலில் மருந்தகம் நடத்திக் கிராம மக்களிடம் தாமே சென்றார். அவர் நாட்டிய வித்தே இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி. மருத்துவம் மக்களிடம் செல்ல வேண்டும் என்பதே இவ்வட்டாரம் உலகுக்குக் காட்டிய வழி. 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டமும், மருத்துவரோடு பல் சுகாதாரப் பணியாளர் என்ற தனிப் பிரிவினரை அங்கீகரித்தது. நோய் தீர்ப்பது மட்டுமின்றித் தடுப்பதும் கற்பிப்பதும் தனிப் பணி என்பதே அதன் கருத்து.

கிராமத்தில் அப்பணியின் தொடக்கப் பகுதியைச் செய்யக் கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியர், மகளிர் சுய உதவிக் குழுவினர் ஆகியோர் உள்ளனர். அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி அளிக்குமாறு வட்டார மருத்துவ அலுவலரைப் பஞ்சாயத்து கேட்டுக்கொள்ளலாம். அவர்கள் சிகிச்சை செய்ய வேண்டியதில்லை. ஈறு சிவந்துள்ளதா, இரத்தம் கசிகிறதா, காரை தெரிகிறதா, பல் ஆடுகிறதா, வாயில் ஆறாத புண் உள்ளதா என்னும் ஐந்தையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்து, தேவையானவரை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினால் போதும்.

2021-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் வீட்டிலேயே மருந்து பெறுவோரிடம் ஈறைப் பற்றியும் கேட்டறியச் செய்யலாம். தொழிற்சாலைக்கு விடியலில் பேருந்தேறும் பெண்கள் பகலில் மருத்துவமனை செல்ல இயலாது. அவர்கள் பொருட்டு ஞாயிற்றுக்கிழமையில் முகாம் அமைக்கக் கிராம சபையில் தீர்மானம் இயற்றலாம். பள்ளியிலிருந்து 100 கஜத்திற்குள் புகையிலைப் பொருள் விற்பதையும், 18 வயது நிரம்பாதோருக்கு விற்பதையும் 2003-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. அது நம் ஊரில் நடைமுறையில் உள்ளதா என்பதை உறுப்பினர்கள் நேரில் கண்டறிதல் வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை. உழைப்பவருக்கு உணவே முதல் கருவி. அவ்வுணவை மெல்லப் பல் வேண்டும். பல் இழந்தவர் கேழ்வரகுக் களியையும் கஞ்சியையும் விழுங்கி நாளோட்டலாம். வேர்க்கடலையையும் பழத்தையும் கீரைத் தண்டையும் மெல்ல இயலாது. அவர் உடல் வலுவிழக்கும், உழைப்பு குன்றும். ஆதலின் ஈறைக் காப்பது அழகின் பொருட்டு அன்று. குடும்பத்தின் உணவையும் ஊதியத்தையும் காப்பதாகும்.

படித்தோர் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. பற்படலத்திற்கும் பற்காரைக்கும் உள்ள வேறுபாடு யாது? நாமே அகற்றத்தக்கது எது?

2. புகைப்பவருக்கு ஈறில் இரத்தம் வராமை நலத்தின் அடையாளமா?

3. இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சொத்தையின்றியும் பற்களை இழந்தது ஏன்?

4. நம் ஊரில் இரவில் பல் துலக்கும் வீடுகள் எத்தனை?

நான்காம் வினாவுக்கு விடை இக்கட்டுரையில் இல்லை. உறுப்பினர்கள் தத்தம் வார்டில் கேட்டறிந்து, அடுத்த கூட்டத்தில் எழுதிக் கொணர்வாராயின், அதுவே நம் ஊரின் பல் நலப் பணிக்கு முதற்படியாகும்.